கழல மறுத்த குளோப்

நேயர்களே! ஒரு விளக்கின் கண்ணாடியைக் கழற்றுவது எப்படி என்று முழுசாக ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு, "கழற்றத் தெரியாதவர் எழுதினால் யார் படிப்பார்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் கிணற்றின் ஆழத்தைப் பற்றி, நன்றாக நீந்துகிறவனைவிட ஒரு தடவை மூழ்கிப் பிழைத்தவன் சொல்வதற்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் கட்சி. ஆகவே கேளுங்கள்.

நான் இருப்பது கோட்டக்குப்பத்தில். புதுச்சேரியிலிருந்து வடக்கே கிளம்பி முத்தியால்பேட்டையைத் தாண்டினால் எங்கள் ஊர். இன்னும் வடக்கே போனால் மரக்காணம். அங்கே சாலை ஓரத்தில் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. உப்பு எங்கள் வீடு தேடி வந்துவிடுகிறது. ஜன்னல் கம்பி, கேட்டுக் கீல், சைக்கிள் செயின், பீரோச் சாவி, எதைத் தொட்டாலும் ஒரு பிசுபிசுப்பு. புதிதாக வாங்கிய பூட்டு இரண்டாவது மழைக்காலத்தில் தன் சாவியையே அடையாளம் தெரியாதது போல் விழிக்கும்.

எங்கள் வீட்டு நடையில், கூரையிலிருந்து ஒரு சாண் நீளக் குழாயில் தொங்கும் விளக்கு ஒன்று உண்டு. மேலே பித்தளைக் கிண்ணம். அதன் விளிம்பில் மூன்று திருகாணிகள். அந்த மூன்றும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, பால் நிறத்தில் உருண்டையாக ஒரு கண்ணாடிக் குளோப். 1974ஆம் வருஷம் அப்பா அதைப் பாண்டியில் வாங்கினார். எனக்கு அப்போது 12 வயது. கடையிலிருந்து வீடு வரை அப்பா சைக்கிள் மிதிக்க, பின்னால் காரியரில் உட்கார்ந்து அந்தக் குளோபை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தவள் அம்மா. "உன்னைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தூக்கி வந்ததில்லை" என்று இன்றைக்கும் சொல்லுவாள். அப்பா போய் 19 வருஷமாகிறது. குளோப் இருக்கிறது.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. கரெண்ட் போய், மறுபடி வந்தபோது, எங்கள் நடைவிளக்கு மட்டும் எரியவில்லை. பல்பு போயிருக்க வேண்டும். மாற்றுவதற்குக் குளோபைக் கழற்ற வேண்டும். ஒரு முக்காலியில் ஏறி, மூன்று திருகாணிகளையும் விரலால் திருகிப் பார்த்தேன். அவை அசையவில்லை. மூன்றும் துருவேறிக் கறுத்து, கிண்ணத்தோடு கிண்ணமாக ஒட்டிக்கொண்டிருந்தன. "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று இறங்கிவிட்டேன்.

நேயர்களே, ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன; போயின.

அம்மாவுக்கு அப்போது 82 வயது. இரவில் இரண்டு முறையாவது எழுந்து, அந்த நடை வழியாகத்தான் கொல்லைப் பக்கம் போக வேண்டும். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு டார்ச்சை வைத்து என் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தியிருந்தேன். நான்காவது வாரம், விடியற்காலை நாலு மணிக்குச் சத்தம் கேட்டு ஓடினேன். நிலைப்படி தடுக்கி அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை, தெய்வாதீனம். "டார்ச்சை எடுக்க மறந்துட்டேம்ப்பா, தப்பு என்னுதுதான்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அன்று காலை எனக்கு வந்த வீராவேசம் இருக்கிறதே, அதுதான் ஆபத்தான சமாசாரம். குற்ற உணர்ச்சியோடு கருவியைக் கையில் எடுக்கிறவன் எதையும் நிதானமாகச் செய்வதில்லை. ஸ்விட்சை அணைத்தேன். முக்காலி எட்டவில்லை என்று பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறினேன். இடது கையால் குளோபை அணைத்துக்கொண்டு, வலது கையில் பிடித்த குறட்டால் திருகாணியைக் கவ்வித் திருகினேன்.

"என்னங்க, எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிடலாமே" என்றாள் மனைவி.

"ஒரு பல்பு மாற்றுவதற்கா?" என்றேன்.

அந்த வாக்கியத்தை முடித்தேனா என்பதே எனக்குச் சந்தேகம். தோள்பட்டை வரை யாரோ இரும்புத் தடியால் அடித்தது போல் ஓர் உதறல். நாற்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், குறடு ஒரு பக்கம். முழங்கை தரையில் மோதிக் கண் இருண்டது. மேலே குளோப் மட்டும் ஒன்றும் நடவாதது போல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது, நேயர்களே. அதை மறுபடி எட்டிப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது!

மனைவி தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். அம்மா கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வந்து என் கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து குளோபைப் பார்த்தாள். "ஒரு கம்பை எடுத்து அதை உடைச்சுப் போட்டுடு. நீ மட்டும் இனிமே மேலே ஏறாதே" என்றாள்.

தெரு எல்லை வரை மடியில் அணைத்துக்கொண்டு வந்தவள் சொன்ன வார்த்தை அது. வலி தோளில் இருந்தாலும், அந்த வார்த்தைதான் எனக்கு அதிகமாக வலித்தது.

எலெக்ட்ரீஷியன் வந்தார். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்தவர், கடைசி பெஞ்சு. அவர் மார்க்கைப் பற்றி இப்போது பிரஸ்தாபிப்பது முறையல்ல. வந்தவர் குளோபைப் பார்க்கவே இல்லை. முதலில் என் கையைப் பார்த்தார். "ஷாக் அடிச்சா, ஒண்ணும் இல்லைன்னு உட்காரக் கூடாது சார். டாக்டர்கிட்டே போய் நெஞ்சை ஒரு தடவை பார்த்துக்கிட்டு வாங்க. விளக்கு எங்கேயும் போகாது" என்றார். போய் வந்தேன். இருதயம் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் வேலையைத் தொட்டார்.

"சார், ஸ்விட்சை அணைச்சா விளக்குத்தான் அணையும். கரெண்ட் அணைஞ்சதாகக் கணக்கு இல்லை" என்றார் என் பழைய மாணவர்.

விஷயம் இதுதான். விளக்குக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. ஒன்று பேஸ்; 230 வோல்ட் வருவது அதில். மற்றது நியூட்ரல். ஸ்விட்ச் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். எப்போதோ எங்கள் வீட்டில் பழுது பார்த்த யாரோ ஒருவர் அதை நியூட்ரலில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அப்படியும் விளக்கு எரியும், அப்படியும் அணையும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டர் வரை மின்சாரம் வந்து காத்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்குப் பழைய குண்டு பல்புகளின் சூட்டில் பல வருஷம் வெந்து, கம்பியின் மேலுறை உடைந்து உதிர்ந்து, செம்பு வெளியே தெரிந்து பித்தளைக் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் குறட்டால் பிடித்தது திருகாணியை அல்ல, மின்சார வாரியத்தையே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். மெயின் ஸ்விட்சை இறக்கினார். ப்யூஸ் கட்டையைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேறு யாரும் நல்ல எண்ணத்தில் அதைத் திருப்பிப் போட்டுவிட முடியாதல்லவா? டெஸ்டரை, கரெண்ட் இருக்கும்போதே ஒரு பிளக்கில் வைத்து, அது எரிகிறதா என்று முன்பே பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கிய பிறகு கிண்ணத்தில் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. கெட்டுப்போன டெஸ்டரும் எரியாதுதான். ஆகவே டெஸ்டர் சரியாக இருக்கிறது என்பதை முதலில் நிச்சயம் செய்துகொள்ளாமல் அதன் சாட்சியத்தை நம்பக் கூடாது.

பிளாஸ்டிக் நாற்காலியைத் தூர வைத்தார். நாலு காலும் தரையில் பதிகிற மடக்கு ஏணியைப் போட்டு, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். துரு கண்ணில் விழாமல் இருக்கக் கண்ணாடி அணிந்துகொண்டார். கீழே பழைய ஜமக்காளத்தை விரித்தார். பிறகு, "ஆயா, பழைய நூல் புடைவை ஒண்ணு இருந்தால் கொடுங்க" என்று கேட்டு வாங்கி, குளோபின் அடியில் கொடுத்து, மேலே குழாயில் முடிந்தார். குளோப் திடீரென்று கழன்றாலும் புடைவையில்தான் உட்காரும்.

"தூளி மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் நல்ல வார்த்தை.

அடுத்து, ஈரத் துணியால் கிண்ணத்தின் விளிம்பை நிதானமாகத் துடைத்தார். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முதலில் உப்பை எடுத்துவிட்டு, ஈரத்தை உலர்த்திவிட்டு, பிறகுதான் எண்ணெய். துருப்பிடித்த திருகாணிக்கென்றே கடையில் விற்கும் மெல்லிய எண்ணெயை ஒரு பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு, ஒவ்வொரு திருகாணியின் மரையிலும் வைத்தார். தேங்காயெண்ணெய் கெட்டி; இடுக்கில் இறங்காது. எண்ணெய் வைத்த பிறகு, "நாளைக்கு வரேன் சார். அந்த லைனில் மட்டும் கரெண்ட் வேண்டாம்" என்று கிளம்பிவிட்டார்.

"நாளைக்கா?" என்றேன்.

"50 வருஷமாக ஒட்டினது, ஒரு ராத்திரி கூடக் கொடுக்க மாட்டீங்களா?" என்றார்.

அந்த இரவு நான் நடையிலேயே பாயைப் போட்டுப் படுத்தேன். அம்மா எழுந்தபோதெல்லாம் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யாத வேலைக்கு அது அபராதம். தூக்கம் வராததால் இந்தத் துருவைப் பற்றிப் படிக்கவும் செய்தேன். படித்ததில் கொஞ்சம் உங்களுக்கும் சொல்லுகிறேன்.

உப்புக் காற்று உப்பளத்திலிருந்து வருவதாக நான் நினைத்திருந்தேன். இல்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய துளிகளைக் காற்று தூக்கி வருகிறது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்தத் துளி உலர்ந்து எங்கேயாவது உட்கார்ந்தாலும் சும்மா இருக்காது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக் கரைந்துவிடும். எங்கள் ஊரில் இரவானால் அந்த ஈரப்பதத்துக்குக் குறைவே இல்லை.

இத்தாலிய விஞ்ஞானி வோல்டா 1800ஆம் ஆண்டில் இரண்டு வெவ்வேறு உலோகத் தகடுகளுக்கு நடுவே உப்பு நீரில் நனைத்த துணியை வைத்து, அப்படியே அடுக்கிக்கொண்டு போய் முதல் மின்கல அடுக்கைச் செய்தார். எங்கள் நடையில் அதே காரியம் வாத்தியார் இல்லாமலேயே நடந்திருக்கிறது! கிண்ணம் பித்தளை, திருகாணி இரும்பு, நடுவே உப்பு ஈரம். இப்படிச் சேர்ந்தால் இரண்டில் இரும்புதான் முதலில் கரையும். கரைந்த இரும்பு துருவாகும்போது இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். மரை இடுக்கில் அது உப்பி ஆப்பு அடித்தது போல் இறுகிவிடுகிறது. அப்படி இறுகினதைப் பலத்தால் திருகினால் கழல்வது திருகாணி அல்ல, அதன் தலை.

இது நம் வீட்டு நடையோடு நிற்கிற சங்கதியும் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் செய்து அமெரிக்காவுக்குக் கொடுத்த சுதந்திர தேவி சிலை 1886இல் திறக்கப்பட்டது. வெளியே செம்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் வைத்திருந்த தடுப்பு நாளடைவில் கெட்டுப்போய், கடல் ஈரத்தில் உள்ளிருந்த இரும்புப் பட்டைகள் துருவேறி உப்பின. நூறாவது ஆண்டான 1986க்குள் அவற்றை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகைப் பொருத்தினார்கள். நம் பக்கத்தில் 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உப்புக் காற்றோடு போராடி, 2022 டிசம்பரில் ரயிலைச் சுமப்பதை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறக்கப்பட்டது. 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்துக் கடற்கரையில் உலோகங்களை வெயிலிலும் உப்பிலும் போட்டு வைத்து, எது எவ்வளவு நாள் தாங்கும் என்று சோதித்து வருகிறது. ஆகவே ஒரு துருப்பிடித்த திருகாணியிடம் தோற்பதில் அவமானம் ஒன்றுமில்லை. அதனிடம் கோபித்துக்கொள்வதில்தான் அவமானம்.

மறுநாள் காலை எலெக்ட்ரீஷியன் வந்தார். மறுபடி மெயின், மறுபடி ப்யூஸ் கட்டை, மறுபடி டெஸ்டர்; நேற்றுச் செய்தாயிற்றே என்று எதையும் விடவில்லை. திருகாணியைக் கழற்றும் பக்கம் திருகுவதற்குப் பதில், முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பினார். உள்ளே துரு நொறுங்கும் சிறு சத்தம் கேட்டது. பிறகு எதிர்ப் பக்கம் கொஞ்சம். மறுபடி இந்தப் பக்கம். முதல் திருகாணி பத்து நிமிஷத்தில் இளகிவிட்டது. இரண்டாவது இன்னொரு சொட்டு எண்ணெய் குடித்துவிட்டு இணங்கியது. மூன்றாவது அசையவே இல்லை.

"ஆக்சா பிளேடால் அறுத்துவிடலாமா?" என்றேன் நான். புத்தி வரவில்லை பாருங்கள்.

"எதுக்கு சார்? இரண்டு விட்டால் போதும். மூணாவதோட சண்டை வேண்டாம்."

புடைவைத் தூளியில் குளோபைத் தாங்கி, இளகிய பக்கத்தை மெல்லக் கீழே சாய்த்து, மூன்றாவது திருகாணியின் முனையிலிருந்து கழுத்தை அப்படியே நகர்த்தி எடுத்தார். குளோப் அவர் கையில் இருந்தது. ஒரு கீறல் இல்லை.

உள்ளே அரைப் படி ஈசல் சிறகு. அம்மா திண்ணையில் உட்கார்ந்து, குளோபை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்தாள். யாரையும் தொட விடவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிற்பாடு செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பியை மாற்றி, ஸ்விட்சைப் பேஸுக்குக் கொண்டுவந்தார். கிண்ணத்துக்கு எர்த் கம்பி கொடுத்தார். மூன்றாவது திருகாணியைக் கீழே மேஜையில் வைத்துச் சாவகாசமாகக் கழற்றி, மூன்றுக்கும் பதிலாகப் பித்தளைத் திருகாணிகள் போட்டு, மரையில் மட்டும் துளி வாஸலின் தடவினார். குளோபை மாட்டும்போது குறட்டைத் தொடவில்லை. விரலால் இறுக்கி, கால் சுற்றுத் தளர்த்திவிட்டார். சூட்டில் பித்தளை ஒரு மாதிரி விரியும், கண்ணாடி ஒரு மாதிரி விரியும், இரண்டுக்கும் மூச்சுவிட இடம் வேண்டுமாம். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. பல்பு. சூடு குறைவு. ஆனாலும் மூடிய குளோபுக்குள் போடத் தகுந்தது என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வாங்கச் சொன்னார். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் சின்னச் சின்ன உறுப்புகள் வெந்து சீக்கிரம் ஆயுளை விட்டுவிடும். கடைசியாக, மெயினுக்குப் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும் பிரேக்கர் ஒன்றை வைத்தார். அது முன்பே இருந்திருந்தால், கிண்ணத்தில் ஏறிய கரெண்ட் என்னைப் பிடித்த மாத்திரத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுந்திருக்கும்.

கூலியைக் கொடுத்துவிட்டு, "தம்பி, உனக்குக் கணக்கில் நான் போட்ட மார்க்கு..." என்று ஆரம்பித்தேன். "அதை விடுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னால் ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை, மெயினை இறக்கிவிட்டு அந்தத் திருகாணிகளைத் தளர்த்தித் துடைத்து மாட்டுகிறோம். ஏணியில் ஏறுவது அந்தத் தம்பி, பிடித்துக்கொள்வது நான். மொத்தமே கால் மணி நேர வேலை.

உங்கள் வீட்டிலும், கடற்கரையானாலும் சரி, உள்நாடானாலும் சரி, கழல மறுக்கும் மூடி ஏதாவது ஒன்று கூரையில் இருக்கும். அதன் கீழே இரவில் நடக்கிறவர் ஒருவரும் இருப்பார். இரண்டையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். ஏறுவதற்கு முன்னால் மெயினை இறக்குங்கள், கழலவில்லை என்றால் இறங்கிவிடுங்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. நடையில் வெளிச்சம். அம்மா ஸ்விட்சைப் போட்டு, தன்பாட்டுக்குப் போய், தன்பாட்டுக்குத் திரும்பி வந்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். நானும் திரும்பிப் படுத்துத் தூங்கினேன்.